பதின்மூன்றாவது படம்

இவ்வாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று சிஸ்டர் அவர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். "உங்கள் இருவரின் நட்பைப் பற்றியே எழுதுங்களேன்" என்று ஒரு வரியும் அதில் இருந்தது. நல்லதை மட்டும் எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும். ஆகவே நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். தோழியிடம் அனுமதி வாங்கியாயிற்று.

நாங்கள் 1980-களின் தொடக்கத்தில் இங்கே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அவள் மண்டபத்துப் பெண். தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தார். நான் தங்கச்சிமடம், அப்பாவுக்குக் கடல் தொழில். அந்நாளில் பாம்பன் தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. 1914-ல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான். விடுமுறை விட்டதும் இருவரும் ஒரே ரயிலில் கிளம்புவோம். மண்டபத்தில் அவள் இறங்கிக் கையசைப்பாள். அதற்கப்புறம் நான் மட்டும் கடலைத் தாண்டிப் போகவேண்டும்.

அவளுடைய அண்ணன் ஓர் ஆக்ஃபா கிளிக் காமிரா வாங்கிக் கொடுத்திருந்தார். பரோடாவில் செய்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படம் எடுத்ததும் திருகைச் சுற்றி அடுத்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பின்பக்கம் இருக்கும் சிறிய சிவப்பு ஜன்னலில் எண் தெரியும். சுற்ற மறந்தாலும் அந்தக் காமிரா கோபித்துக்கொள்ளாது. எடுத்த படத்தின் மேலேயே இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளும்!

விடுதியில் அது சிஸ்டரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை காலையில் மட்டும் கைக்கு வரும். தின்பண்டக் காசைச் சேர்த்து ரோல் வாங்குவோம். ஆளுக்கு ஆறு படம் என்பது எங்கள் சட்டம். எடுத்தவள்தான் சுற்றவேண்டும் என்பது இரண்டாவது சட்டம். என்ன எடுத்தோம், யார் எடுத்தோம் என்பதை ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்போம். நோட்டு என் பொறுப்பு. ஒரு தடவை அவள் என்னோடு தங்கச்சிமடம் வந்தபோது, ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாகப் பாலத்தை நாலு படம் எடுத்துவிட்டாள். அரண்மனைப் பக்கம் இருந்த ஸ்டூடியோக்காரர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கடலா, மழையா பாப்பா?" என்று கேட்டார். ஓடும் வண்டியிலிருந்து எடுக்க அந்தக் காமிராவுக்கு வேகம் போதாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமை வியாரவாலா அப்போது காமிராவைக் கீழே வைத்துப் பத்தாண்டு கடந்திருந்தது. பிற்காலத்தில் அவர் வாழ்ந்து, 2012-ல் மறைந்ததும் அதே பரோடாவில்தான். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எங்களுக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் வீட்டாரிடம் வாதாட உதவியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தையைத் தனுஷ்கோடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்த கோயிலில்தான் கலியாணம் நடந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அந்த ஊரையே கொண்டுபோயிற்று. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் எடுத்துக்கொண்டது. அத்தையும் மாமாவும் கிடைக்கவில்லை. அத்தையின் போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அப்பா வருஷம் தவறாமல் டிசம்பர் 23 அன்று அங்கே போய், இடிந்த கோயிலுக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

1982-ல் எங்கள் இருவரையும் கூட அழைத்துப் போனார். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ரோடு இல்லை. மீன் ஏற்றப் போகும் லாரியில் ஏறி மணலில் ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தோம். கூரையில்லாத கோயில், பவளக்கல் சுவர், பீடம் இருந்த இடத்தில் மணல். அப்பா தோழியிடம், "தாயி, என்னை இங்கன வச்சு ஒண்ணு எடு. தங்கச்சி நின்ன இடம்" என்றார். அதுவரை அவர் தன்னைப் படம் எடுக்கவிட்டதே இல்லை.

அன்று மாலை நோட்டைப் பார்த்தால் பதின்மூன்று படம் எழுதியிருந்தது! ஆக்ஃபாக்காரன் ஒன்று இனாமாகக் கொடுத்துவிட்டான் என்று இருவரும் குதித்தோம்.

ஜனவரியில் பிரிண்ட் வந்தது. பன்னிரண்டுதான். எட்டாவதில் அப்பா நிற்கிறார். அவர் மேலேயே அலை அடிக்கிறது. இடுப்புவரை நுரை, கோயில் சுவருக்குள் கடல். இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் தாங்கவில்லை. "சுற்றாமல் எடுத்துவிட்டாயே! எங்கப்பா இனிமேல் நிற்பாரா?" என்று விடுதி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காமிராவை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அன்றிரவு நோட்டைப் புரட்டினேன். "8. அலை – நான். 9. அப்பா – அவள்." அலையை எடுத்தது நான். சுற்ற வேண்டியவளும் நான்தான். அப்பா கூப்பிட்டதும் அவசரத்தில் காமிராவை அப்படியே அவள் கையில் கொடுத்திருக்கிறேன். இதை நான் தெரிந்துகொண்டது சண்டை போட்ட அன்றைக்கே என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். நோட்டை டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பாவாடைக்குள் சுருட்டி வைத்தேன். தவக்காலம் முழுவதும் அவளோடு பேசவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லவில்லை. சண்டை போட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போனபோது பயந்துகொண்டே அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். விளக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "அங்கன நிக்கையில எனக்கு இப்படித்தான்டி இருக்கும். அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார். சட்டம் போட்டு மாட்டவும் செய்தார்.

பள்ளி திறந்ததும் அப்பா சொன்னதை மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், பேச ஆரம்பித்துவிட்டோம். நோட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அதற்கு ஐந்து வருஷம் ஆயிற்று. 1988 அக்டோபர் 2-ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தார்கள். அடுத்த வாரமே, கீழே போகும் ரயிலைப் படம் எடுக்க அதே காமிராவோடு இருவரும் அந்தப் பாலத்தின் மேல் போய் நின்றோம். காற்று தாவணியைப் பிய்த்தது. ரயிலுக்காகக் காத்திருக்கையில் சொல்லிவிட்டேன். நோட்டையும் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "எனக்கு அன்றைக்கே தெரியும்டி. நீ என் கையில் கொடுத்தபோது ஜன்னலில் எட்டு இருந்தது. நீ சுற்றியிருப்பாய் என்று நம்பி எடுத்தேன்" என்றாள். "பிறகு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "உங்கப்பா முன்னால் நீ தலைகுனிய வேண்டியிருக்குமே" என்றாள். இதற்குள் ரயில் போய்விட்டது. இருவருமே எடுக்கவில்லை.

நெகட்டிவ் அவளிடம், பிரிண்ட் என்னிடம் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். உப்புக்காற்றில் என் பிரிண்ட் பூத்துப் பழுப்பாகிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்தபோது அவளுடைய நெகட்டிவிலிருந்துதான் பெரிதாகப் போட்டு வைத்தோம்.

பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தபிறகு நாங்கள் இருவரும் ஒன்றாகப் போய்ப் பார்த்தோம். பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட ஆட்கள் சுற்றிச் சுற்றித் திறப்பார்கள். இதில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. அவள் செல்போனில் நூறு படமாவது எடுத்திருப்பாள். ஒவ்வொன்று எடுத்தபிறகும் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஒரு திருகைச் சுற்றின. நான் பார்ப்பதைக் கண்டதும் போனை என்னிடம் நீட்டி, "இந்தா, சுற்றியாயிற்று" என்றாள்.