விளம்பரக் காசும் புகார் நோட்டும்

எந்தப் பொது அமைப்பிலும் நன்றி கிடைக்காத வேலைகள் இரண்டு. ஒன்று, பணம் திரட்டுவது. இன்னொன்று, புகாருக்குப் பதில் சொல்வது. தில்லியில், யமுனைக்கு அக்கரையில், எங்கள் பகுதித் தமிழர்கள் நடத்தும் சிறிய சங்கத்தில் இரண்டாவது வேலை ஆறு ஆண்டுகளாக என் தலையில் இருக்கிறது. “தமிழ் எம்.ஏ. படிச்சிருக்கீங்க. கடிதம் நல்லா எழுதுவீங்க” என்று சொல்லி ஒப்படைத்தார்கள். கோபமாக வரும் கடிதத்துக்குக் கோபமில்லாமல் பதில் எழுத எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தருவதில்லை என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சங்கத்துக்கு ஒரு மாத இதழ் உண்டு. 16 பக்கம், 600 பிரதி. பிள்ளைகள் வரைந்த படம், வெண்பாப் போட்டி, யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கோயிலில் பங்குனி உத்திரம், பொங்கலுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முன்பதிவு என்றைக்குத் தொடங்குகிறது என்ற விவரங்கள். இலக்கியத் தரம் பற்றி யாரும் பெருமை பேச முடியாது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு குமாஸ்தாவாக வந்து இங்கேயே ஓய்வு பெற்றுவிட்ட பலருக்கு வீட்டுக்குள் வரும் தமிழ் அச்சு எழுத்து அது ஒன்றுதான்.

கணக்கு எளிமையானது. ஆண்டுச் சந்தா அப்போது 300 ரூபாய். அதாவது மாதத்துக்கு 25. ஒரு பிரதியை அச்சடித்து, உறையிலிட்டு அனுப்ப 40 ரூபாய் ஆனது. பிரதிக்கு 15 ரூபாய் துண்டு. 600 பிரதிக்கு மாதம் 9,000 ரூபாய். அரைப்பக்க விளம்பரத்துக்கு 1,500 ரூபாய். ஆறு அரைப்பக்கம் கிடைத்தால் இதழ் உயிரோடு இருக்கும். பொருளாளர் மாதா மாதம் இட்லி மாவுக் கடை, பட்டுப் புடவைக் கடை, ட்யூஷன் சென்டர் என்று ஸ்கூட்டரில் அலைவது இந்த ஆறு அரைப்பக்கங்களுக்காகத்தான்.

புகார்களில் பெரும்பாலானவை சுவாரஸ்யமானவை. ஒருவர் தன் வெண்பாவுக்குப் பக்கத்தில் கரப்பான்பூச்சி மருந்து விளம்பரம் வந்துவிட்டதாகப் புகார் செய்தார். தளை தட்டாத வெண்பா என்பதால் அவருடைய வருத்தம் நியாயமானதே. இன்னொருவர் ஒரு கடை தனக்குத் தள்ளுபடி தர மறுத்ததால் அதன் விளம்பரத்தையே நிறுத்த வேண்டும் என்றார். இவற்றுக்குச் சிரித்துக்கொண்டே பதில் எழுதிவிடலாம்.

நான் பொறுப்பேற்ற மூன்றாவது மாதம் வந்த தொலைபேசி அழைப்பு அப்படிப்பட்டதல்ல. பேசியவர் எழுபது வயதை நெருங்கும் ஒரு மாமி. எங்கள் இதழில் சில மாதங்களாக ஒரு மூலிகைப் பொடிக்கு அரைப்பக்க விளம்பரம் வந்துகொண்டிருந்தது. சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கும் என்பது அதன் வாசகம். அவருடைய கணவர் அந்தப் பொடியை வரவழைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டார். ஐந்தாவது வாரம் மயங்கி விழுந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“அந்தப் பொடிக்காரனை நாங்க கேட்கணும் மாமி” என்றேன்.

“அவன் யாரோ, எங்கே இருக்கானோ, எனக்குத் தெரியாதும்மா. மாமா அவனை நம்பலை. நம்ம சங்கத்துப் பத்திரிகையில போட்டிருக்குன்னுதான் வாங்கினார். எனக்கு உங்களைத்தானே தெரியும்?”

விளம்பரதாரர் எங்களிடமிருந்து வாங்கியது அரைப்பக்க இடத்தை மட்டுமல்ல என்பது அன்றைக்கு விளங்கியது. 600 வீடுகளில் எங்கள் பெயருக்கு இருந்த நம்பிக்கையும் அந்த 1,500 ரூபாய்க்குள் சேர்ந்தே கைமாறியிருந்தது.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. மருந்து மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. அதன் அட்டவணையில் நீரிழிவு உள்பட 54 நோய்கள் உள்ளன. இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது. மருந்து விற்பவர் மட்டுமல்ல, அதை வெளியிடுவதில் பங்கெடுக்கும் எவரும் குற்றவாளிதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத் துறையினரே 1985இல் அமைத்துக்கொண்ட விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலிடம் எந்தக் குடிமகனும் இலவசமாகப் புகார் தரலாம். ஆனால் மயங்கி விழுந்தவரின் மனைவி கவுன்சிலைத் தேடிப் போவதில்லை. தனக்குத் தெரிந்த எண்ணுக்குத்தான் போன் செய்கிறார்.

என் பிழைப்பிலும் பாதி விளம்பரம்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்திரிகை வேலை போக மீதி நேரத்தில் ஆங்கில, ஹிந்தி விளம்பர வாசகங்களைத் தமிழாக்கித் தருகிறேன். மொழி மாறும் இடத்தில் பொய் நுழைவது எப்படி என்பது இந்தத் தொழிலில் நன்றாகத் தெரியும். ஆங்கில மூலத்தில் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க உதவக்கூடும் என்று வக்கீல் பார்த்துக் கொடுத்த வாசகம் இருக்கும். தமிழுக்கு வரும்போது, ‘உதவக்கூடும்’ இழுவையாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்பார்கள். ‘கட்டுப்பாடு’ பலவீனமாக இருக்கிறது, ‘குணம்’ என்று போடுங்கள் என்பார்கள். மறுத்தால் வேலை வேறு ஒருவருக்குப் போகும். சட்டம் தெரிந்தவர்கள் படிக்கும் மொழியில் எச்சரிக்கை. மற்ற மொழிகளில் வாக்குறுதி. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற சொற்றொடர் மட்டும் எல்லா மொழியிலும் எறும்பு அளவு எழுத்தில் பத்திரமாக இருக்கும்.

மாமியின் புகாருக்குப் பிறகு கமிட்டி கூடியது. கூட்டத்தில் ஒரு பெரியவர், விளம்பரமே வேண்டாம், காந்தி அப்படித்தான் செய்தார் என்றார். அது உண்மை. தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் ஆரம்பத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது, விளம்பரமும் இருந்தது. தமிழ்ப் பகுதி 1906இல் நின்றது. விளம்பரத்தை 1912இல் காந்தியே நிறுத்தினார். பின்னர் ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இதழ்களையும் விளம்பரமின்றியே நடத்தினார்.

பொருளாளர் சளைக்கவில்லை. “காந்தி எழுதினா ஊரே சந்தா கட்டும் சார். நம்ம வெண்பாவுக்கு யார் கட்டுவாங்க?” என்றார். சரித்திரம் அவர் பக்கமும் இருக்கிறது. இந்தியாவின் முதல் செய்தித்தாளான ஹிக்கியின் ‘பெங்கால் கெஜட்’ 1780 ஜனவரியில் கல்கத்தாவில் வெளிவந்தபோது, ‘கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்’ என்ற இன்னொரு பெயரையும் தாங்கியிருந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸைக் கிழி கிழியென்று கிழித்து, அதற்காகச் சிறைக்கும் போன பத்திரிகைக்காரர் விளம்பரம் வாங்கி விற்றவர்தான். தமிழில் 1928இல் ‘ஆனந்த விகட’னை வாங்கிப் பெரிய பத்திரிகையாக்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன்பு விளம்பர முகவராக இருந்தவர்.

விளம்பரத்துக்கும் பேச்சுரிமைக்கும் உள்ள உறவை உச்ச நீதிமன்றமே ஆராய்ந்திருக்கிறது. பக்க எண்ணிக்கைக்கு ஏற்ப விலை வைக்க வேண்டும், விளம்பர இடத்துக்கும் அரசு வரம்பு விதிக்கலாம் என்று 1956இல் ஒரு சட்டம் வந்தது. புனேயின் மராத்தி நாளிதழான ‘சகாள்’ வழக்குத் தொடுத்தது. விளம்பரம் குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் வாசகர் குறைவார்கள், வாசகர் குறைந்தால் பேச்சுரிமையே சுருங்கும் என்பது வாதம். 1961இல் நீதிமன்றம் அதை ஏற்று, சட்டத்தைச் செல்லாததாக்கியது. எங்கள் பொருளாளர் ஸ்கூட்டரில் சுமந்து திரியும் கணக்கும் இதேதான்.

அரசாங்கமே இந்தக் கணக்குக்கு இறங்கிவந்திருக்கிறது. ‘விவித் பாரதி’ 1957இல் தொடங்கியபோது விளம்பரம் கிடையாது; 1967இல் வந்தது. தூர்தர்ஷனுக்கு 1976. இணையத்திலும் கதை மாறவில்லை. விளம்பரத்தை நம்பியிருக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்த இரு மாணவர்கள்தான் கூகுளை நிறுவினார்கள். 2000இல் அவர்களும் விளம்பரம் விற்கத் தொடங்கினார்கள். எச்சரித்தவர்களுக்கே வேறு வழி தெரியவில்லை.

ஆகவே விளம்பரம் வேண்டுமா என்ற விவாதத்தை விட்டுவிட்டு, எதை விற்கக் கூடாது என்று தீர்மானித்தோம். நோயைக் குணப்படுத்தும் பொருள், பணத்தை இரட்டிப்பாக்கும் திட்டம், முன்பணம் கேட்கும் வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு இடமில்லை. ஒவ்வொரு விளம்பரத்தின் தலையிலும் ‘விளம்பரம்’ என்று அச்சிட வேண்டும். செய்தி போல உடுத்திக்கொண்டு எதுவும் வரக் கூடாது.

புகாருக்கு ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொன்றுக்கும் எண். பத்து நாளில் பதில். புகார் செய்தவரின் பெயர் அவருடைய சம்மதமின்றி விளம்பரதாரருக்குப் போகாது. உண்மை என்று தெரிந்த புகார் இதழிலேயே நான்கு வரியில் வரும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி: விளம்பரம் வாங்குபவர் புகாரை விசாரிக்கக் கூடாது. பொருளாளர் நேர்மையானவர். ஆனால் காலையில் காசோலை வாங்கிய கடைக்கே மாலையில் விளக்கம் கேட்கப் போகும் தர்மசங்கடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மாமிக்கு ஒரு கடிதம் எழுதி, சங்கத்தின் வருத்தத்தையும் இந்த விதிகளையும் தெரிவித்தேன். அந்தக் கடிதம் அப்படியே அடுத்த இதழில் வெளியானது.

விதி எழுதுவது சுலபம். கடந்த ஆண்டு அதற்குச் சோதனை வந்தது. எங்களுக்கு நீண்ட காலமாக அரைப்பக்கம் கொடுத்துவந்த ஒரு சமையல் கான்ட்ராக்டர், ஓர் உறுப்பினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு 150 பேருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, 100 பேருக்குத்தான் சாப்பாடு கொண்டுவந்தார். கடைசிப் பந்தியில் பிள்ளை வீட்டார் வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரசீதைப் பார்த்தோம், இரு தரப்பையும் கேட்டோம். மீதிப் பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்தார். நான்கு வரி போடப்போகிறோம் என்றதும், “போட்டா அடுத்த மாசத்திலேர்ந்து என் விளம்பரம் கிடையாது” என்றார். ஆண்டுக்கு 18,000 ரூபாய்.

கமிட்டியில் இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. சங்கம் என்ன கோர்ட்டா என்று ஒருவர் கேட்டார். ஐம்பது பேர் சாப்பாட்டுக்காக 600 பேர் இதழை இழக்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். கேள்விகள் நியாயமானவை. கடைசியில் பேசியவர் பொருளாளர்: “போட்டுடுங்க. இல்லேன்னா நாளைக்கு ஒவ்வொரு கடைக்காரனும் அரைப்பக்கத்தோட சேர்த்து நம்ம வாயையும் வாங்கிட்டதா நினைப்பான்.”

நான்கு வரிகளும் வந்தன. விளம்பரம் போயிற்று. அவர் திரும்பி வரவில்லை. உறுப்பினரின் பணமும் இன்னும் வரவில்லை. மருந்தும் இரட்டிப்புத் திட்டமும் ஏற்கனவே போய்விட்டதால் ஆறு அரைப்பக்கம் இப்போது மூன்றாகிவிட்டது. இதழை 12 பக்கமாகக் குறைத்து, சந்தாவை 360 ரூபாயாக்கினோம். இருபது பேருக்கு மேல் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அந்த மாமி புதுப்பித்தார். இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கம் குறைந்துவிட்டது, சந்தா ஏறிவிட்டது, என் வெண்பாவைக் காணோம் என்று போன வாரம் ஒரு கடிதம் வந்தது. நியாயமான புகார். நோட்டில் எண் 118 என்று பதிவு செய்திருக்கிறேன். பதில் எழுத இன்னும் ஆறு நாள் இருக்கிறது.