அடுப்படிக் கழிவும் நொதியமும்

ஒரு பிடி சோற்றை விழுங்காது நெடுநேரம் மென்றால் அது இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளை வெல்லமாக உடைப்பதே காரணமாகும். உயிர்வாயுக் கலத்தின் இருளினுள்ளே பற்றீரியாக்கள் முதலிற் செய்வதும் இத்தொழிலேயாம்.

2022ஆம் ஆண்டிலே சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அரியாலையில் நாம் ஊமலையும் பனைமட்டையையும் தேடினோம். அந்நாளிலும் கஞ்சியும் பழத்தோலும் தேங்காய்ப்பூச் சக்கையும் குப்பைக்குழிக்கே போயின. அவற்றினுள்ளும் அடுப்பெரிக்கும் வாயு மறைந்திருந்தது!

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. பூனாவிலே கலாநிதி ஆனந்த் கார்வே தொடங்கிய ‘ஆர்ட்டி’ என்னும் கிராமியத் தொழினுட்ப நிறுவனம், சாணத்துக்குப் பதிலாக வீட்டு உணவுக் கழிவை இடும் சிறு கலத்தை ஆக்கி, அதற்காக 2006இல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருதைப் பெற்றது. மாப்பொருளும் வெல்லமும் மிக்க கழிவு 2 கிலோ இருந்தால், ஏறக்குறைய 500 கிராம் மெதேன் ஒரே நாளிற் கிடைக்கும் என்பது அந்நிறுவனத்தாரின் கணக்கு. சாணமோ மாடு முன்பே செரித்து எஞ்சிய பொருள். அதிலே சத்துக் குறைவு. ஆயினும் கலத்தைத் தொடக்குவதற்குச் சாணம் வேண்டும். மெதேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் அதனுடன் வருகின்றன.

இனி நொதியத்தைக் கடையில் வாங்கி இடலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கீரைத்தண்டு, வாழைத்தண்டு போன்ற நார்ப்பொருள்கள் உடைவதற்கு நாட் செல்லும். செலுலேசு அந்நாரையும், இலிப்பேசு எண்ணெய்ப் பிசுக்கையும் விரைவில் உடைக்க உதவும். ஆனால் நொதியம் ஒரு புரதம். கலத்திலுள்ள பற்றீரியாக்கள் அதனையும் உணவாகக் கொண்டுவிடும். ஆதலின் வேறொரு வாளியிலே கழிவுடன் கலந்து ஊறவைத்துப் பின்னர் கலத்தில் இடுவதே பயன்தரும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. உடைந்த பொருள் முதலில் அமிலமாகி, அதன் பின்னரே மெதேனாகும். மெதேனை ஆக்கும் உயிர்கள் மெல்லப் பெருகுவன. முதற்படியை மாத்திரம் நாம் முடுக்கினால் அமிலம் தேங்கி, கலம் புளித்து, வாயு நின்றுவிடும். பெருந் தொழிற்சாலைகள் அமிலத்தை அளந்தளந்து ஊட்டும். நம் வீட்டு அடுப்படியில் அளப்பவர் யார்?

எனவே விலைகொடுத்து வாங்கும் நொதியத்திலும், கழிவைச் சிறிதாக அரிந்து சிறிது சிறிதாக நாள்தோறும் இடும் பழக்கத்தையே நாம் மேலாகக் கருதுகிறோம். தோடம்பழத் தோலும் தேசிக்காய்த் தோலும் வேண்டாம். அவற்றின் எண்ணெய் நுண்ணுயிர்களுக்குப் பகை. நமது ஊரின் வெப்பமோ அவற்றுக்கு உகந்தது. குளிர்நாட்டாரைப் போலக் கலத்தைச் சூடாக்க வேண்டியதில்லை. வழிந்து வரும் கரைசலை நீர்கலந்து கிணற்றடி வாழைக்கு ஊற்றலாம்.