பெருக்கணுமா, வகுக்கணுமா?

நேத்து ராத்திரி வீட்ல ஒரே அழுகை. ஆறாவது படிக்கிற என் பொண்ணுதான். கணக்கு இதுதான்: இரண்டரை லிட்டர் ஜூஸை 250 மில்லி டம்ளர்ல ஊத்தினா எத்தனை டம்ளர் வரும்? அவ இரண்டரையை ஆயிரத்தால வகுத்து 0.0025 மில்லின்னு எழுதி வெச்சிருந்தா. "பெருக்கணுமா வகுக்கணுமா, அதை மட்டும் சொல்லுப்பா"ன்னு மூக்கை உறிஞ்சறா.

முன்னாடின்னா "பெருக்குடி"ன்னு கத்திட்டு டிவி பக்கம் திரும்பியிருப்பேன். எங்கப்பா எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். கூடவே ஒரு குட்டு இலவசம் :-)

என்னை மாத்தினவர் ஒரு பெரியவர். களமசேரிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், வீட்டுக் கடன் கேட்டு வந்தார். நம்மூர்ல சென்ட், கிரவுண்டுன்னு பழகினவன் நான். இவர் பத்திரத்துல 4.05 ஆர்னு போட்டிருக்கு. ஒரு ஆர்னா 2.47 சென்ட்னு எப்பவோ படிச்ச ஞாபகம். கால்குலேட்டரைத் தட்டி வகுத்தேன். 1.64. "இவ்வளவுதான் இடமா? நீங்க கேக்கற தொகை கிடைக்காதே"ன்னு சொல்லிட்டேன்.

மனுஷன் முகம் வாடிப் போச்சு. ஆனா கோபப்படலை. மெதுவா கேட்டார்: "சாரே, ஆர் ஆணோ வலுது, சென்ட் ஆணோ?"

ஆர்தான் பெரிசு. 100 சதுர மீட்டர். சென்ட் சுமார் 40.47 சதுர மீட்டர்தான். பெரிய அளவுலேர்ந்து சின்ன அளவுக்கு மாத்தினா எண்ணிக்கை கூடத்தானே செய்யணும்? பெருக்கிப் பார்த்தேன். பத்து சென்ட்! பி.காம் படிச்சு, வருஷக்கணக்கா பேங்க்ல குப்பை கொட்டினவனுக்குக் காது சிவந்து போச்சு. 1999-ல நாசாவோட செவ்வாய் விண்கலமே அலகு குழப்பத்துல தொலைஞ்சு போச்சுன்னு பிற்பாடு மனசைத் தேத்திக்கிட்டேன்.

"தப்பு"ன்னு அவர் சொல்லியிருந்தா வாதாடியிருப்பேன். கேட்டதனால யோசிச்சேன்.

நேத்து பொண்ணை சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய் டம்ளரைக் கையில கொடுத்தேன். "லிட்டர் பெரிசா, மில்லி பெரிசா?" "லிட்டர்." "அப்போ மில்லில எண்ணினா நம்பர் கூடுமா, குறையுமா?" கொஞ்ச நேரம் டம்ளரையே பாத்தா. "கூடும்... அய்யோ, 2500!" "இது ஒண்ணுல 250. ஒரு லிட்டருக்கு எத்தனை?" "நாலு. ரெண்டு லிட்டருக்கு எட்டு, அரைக்கு ரெண்டு... பத்துப்பா!"

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேட்டா: "பெருக்கணுமா வகுக்கணுமான்னு நீ சொல்லவே இல்லையே?"

"நீயும் அப்புறம் கேக்கலையேம்மா"ன்னேன்.