பாகான் டத்தோவில் ஒரு பிரம்புப் பந்து

தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் தாண்டிப் போனால் இருபுறமும் தென்னையும் செம்பனையும். பேராக் ஆறு கடலில் சேரும் பாகான் டத்தோவில்தான் என் பெரியப்பா இருக்கிறார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகளுக்குத் தென்னை ஓலையில் பந்து முடைந்து கொடுப்பார். அது உருண்டையாக வராது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவதால் பெட்டிபோல மூலைகள் இருக்கும்.

அவர் அலமாரியில் இன்னொரு பந்து உண்டு. இளவயதில் மலாய் நண்பரிடம் கற்று, பிரம்பில் முடைந்த செபாக் ராகா பந்து. பந்தைச் சுற்றிவரும் ஆறு வளையங்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிப் பின்னுகின்றன. எண்ணிப் பார்த்தேன்: ஐங்கோண ஓட்டைகள் 12, மும்மூன்று வளையங்கள் பின்னிப் பூட்டிக்கொள்ளும் இடங்கள் 20.

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போகிறவர்கள் கொம்தாரில் முக்கோணங்களால் ஆன குவிமாடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஜியோடெசிக் குவிமாடம். அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கொம்தாரை வடிவமைத்த லிம் சோங் கியாட் அவருடைய நண்பர்.

ஏன் முக்கோணம்? நான்கு குச்சிகளை மூலைகளில் கட்டிச் சதுரம் செய்து தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளைக் கட்டினால் அசையாது. ஒரு புள்ளியில் விழும் பாரத்தைப் பல கம்பிகள் பங்கிட்டுக்கொள்வதால், நடுவில் தூணே இல்லாமல் பெரிய மண்டபத்தை மூடலாம்.

ஆனால் ஒவ்வொரு முனையிலும் ஒரே அளவான ஆறு முக்கோணங்கள் சேர்ந்தால் பரப்பு தரைபோலத் தட்டையாகிவிடும். சில முனைகளில் ஐந்து மட்டும் சேர வேண்டும். அங்கேதான் வளைவு பிறக்கிறது. முழுக் கோளமாகக் கட்டினால், எவ்வளவு பெரிதானாலும் அப்படிப்பட்ட முனைகள் சரியாக 12. பெரியப்பாவின் பந்திலுள்ள ஓட்டைகளின் கணக்கும் அதுவே.

இப்போது தக்ராவ் ஆட்டத்துக்குப் பிளாஸ்டிக் பந்துகள் வந்துவிட்டன. அவற்றிலும் அதே 12 ஓட்டைகள். ஆனால் அந்தக் கணக்கு விரல்களில் தங்க வேண்டிய அவசியம் போய்விட்டது. பெரியப்பாவுக்கோ பிரம்பை வளைக்க இப்போது விரல் ஒத்துழைப்பதில்லை.

போன மாதம் அவர் சொல்லச் சொல்ல, என் அண்ணன் மகள் பார்சல் கட்டும் நாடாவில் ஒன்று பின்னினாள். கோணலாகத்தான் வந்தது. "ஓட்டையை எண்ணும்மா" என்றார் பெரியப்பா. பன்னிரண்டு இருந்தது.

உங்கள் வீட்டிலும் பின்னத் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆறு நாடாக்களோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.