அம்மாவுக்கு ஒரு கல்

வெளிநாட்டுப் பயணம் என்றால் கடைவீதியும் கட்டடமும்தான் என்று நினைத்திருந்தேன். செப்டம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து டார்வின் போய், தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் சென்று நிட்மிலுக் தேசியப் பூங்காவைப் பார்த்ததும் அந்த நினைப்பு மாறியது.

கேத்தரின் ஆறு மணற்பாறையை அறுத்து 13 மலையிடுக்குகளை உண்டாக்கியிருக்கிறது. இருபுறமும் செம்பாறைச் சுவர், நடுவே படகு. மழையில்லாத மாதங்களில் இடையிடையே பாறைகள் தலைகாட்டும். இறங்கி நடந்து அடுத்த படகில் ஏற வேண்டும்.

அப்படி நடக்கையில் ஒரு சிவப்புக் கல்லை அம்மாவுக்காகப் பையில் போட்டேன். சீட்டுப் பணத்தில் என்னை அனுப்பியது அம்மாதான்.

வழிகாட்டி ஜாவோயின் பழங்குடிப் பெரியவர். பார்த்துவிட்டார். “இது எங்க பாட்டன் பூமி. 1989-லதான் சட்டப்படி எங்களுக்குத் திரும்பக் கிடைச்சுது. நாங்க பூங்காவாவே விட்டிருக்கோம், எல்லாரும் வந்து பார்க்கட்டும்னு. கல்லு இங்கேயே இருக்கட்டும் தம்பி” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்கு முகமே செத்துப்போச்சு. எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

“எனக்கு என்னடா கொண்டு வந்தே?” என்றார் அம்மா. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஊர்ல தாத்தா நிலம் அடமானத்துல போனது போனதுதான். அவங்களுக்காவது திரும்பக் கிடைச்சுதே. நீ வச்சிட்டு வந்தது நல்லதுடா.”