அமைதியாய் இருக்கும் பிள்ளையையும் கவனிப்போம்



ஓரிடத்தில் உட்காராமல் ஓடித் திரியும் மாணவனைக் கண்டால், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடாக இருக்குமோ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். சன்னலோரம் அமைதியாய் அமர்ந்திருக்கும் மாணவியைப் பற்றி அவ்வாறு எவரும் கேட்பதில்லை. ஓட்டமும் துள்ளலும் இன்றிக் கவனக்குறைவு மட்டுமே மேலோங்கிய வகையும் இதில் உண்டு. பெண்பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

என் நான்காம் ஆண்டு வகுப்பில் அப்படி ஒரு மாணவி இருந்தாள். கட்டுரையை அழகாகத் தொடங்குவாள். மூன்றாம் வரியோடு நின்றுவிடும். கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு விடையை மாற்றி எழுதுவாள். அளவுகோல், நீர்ப்புட்டி, பெற்றோர் கையொப்பமிட வேண்டிய கடிதம் எல்லாம் தொலையும். "கெட்டிக்காரி, ஆனால் சோம்பேறி" என்பதே அவளது தேர்ச்சி அறிக்கையில் ஆண்டுதோறும் இடம்பெற்ற குறிப்பு. ஒருநாள், "நான் மக்கு, டீச்சர்" என்று அவளே சொன்னாள். எனக்குக் கவலை தந்தது அதுதான்.

நோயை உறுதிசெய்வது நம் வேலையன்று. கண்டதைக் குறித்து வைப்பது நம்மால் முடியும். நாள், பாடவேளை, நடந்தது ஆகியவற்றை நான்கு வாரம் எழுதி அவள் தாயாரிடம் கொடுத்தேன். வீட்டிலும் அதே நிலைதான் என்றார். முதலில் கண்ணும் காதும் சோதிக்கப்பட்டன. அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பிறகே நிபுணர் குறைபாட்டை உறுதிசெய்தார்.

2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 மருத்துவக் கையேட்டின்படி, கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளுள் குறைந்தது 6, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 17 வயதிலிருந்து 5 போதும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். ஆகவே ஒரு வாரக் குறும்பை வைத்து முடிவுகட்டலாகாது. தூக்கக் குறைவும் மனக்கவலையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும்.

இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் ஓட்டம் அடங்கி, உள்ளே ஒரு பரபரப்பு மட்டும் மிஞ்சலாம். தொடங்கிய வேலை முடியாது. ஒப்படைக்கும் நாள் மறந்துபோகும். அதைத் திமிர் என்று எண்ணிவிட வேண்டாம்.

அம்மாணவியை முன்வரிசைக்கு மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. பத்துக் கணக்குகளை இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுத்தோம். மறதி முற்றாக நீங்கவில்லை. ஆயினும் கட்டுரைகள் முடிவுவரை வந்தன.

ஆசிரிய நண்பர்களே, தேர்ச்சி அறிக்கையில் "சோம்பேறி" என்று எழுதுமுன், அப்பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.