மதுமிதாவை எனக்குப் பிடிக்கலை

வாத்தியாரோட தீவிர ரசிகர்கள் கையில கல் எடுக்காமப் படிக்கணும், சொல்லிட்டேன்.

விகடன்ல தொடரா வந்த 'பிரிவோம் சந்திப்போம்' முதல் பாகத்தை நாகலூர்ல பஸ் ஏறினதும் ஆரம்பிச்சேன். ஏற்காடு தாண்டி அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் தலை நிமிரலை. (வாந்தி வராதது சுஜாதாவோட சாதனை!) பாபநாசம், அணைக்கட்டு, ரகுபதியோட தவிப்பு... நாலு வரியில கண்ணு முன்னாடி கொண்டுவந்துடறார்.

ஆனா மதுமிதா? அழகு, வெகுளி, சிரிப்பு. அவ்வளவுதான். அமெரிக்க மாப்பிள்ளை ராதாகிஷன் வந்ததும் வீட்டுல சொன்னாங்கன்னு அந்தப் பக்கம் சாயறா. இவளுக்காகவா ரகு இப்படி உருகறான்னு எரிச்சலா வந்துச்சு. 2009-ல 'ஆனந்தத் தாண்டவம்' படத்துல தமன்னா நடிச்சும் அந்த எரிச்சல் போகலை.

இதைக் கிளாஸ்ல சொன்னப்போ பக்கத்து சீட் தோழி, "அவகிட்ட யாருடி கேட்டாங்க?"ன்னா. பி.காம் முடிஞ்சதும் அவளுக்குக் கல்யாணம், நிச்சயம் பண்ணியாச்சு.

யாரும் கேட்கலைதான். சுஜாதாவும் கேட்கலை, அதான் என் கோபமே. ரெண்டாம் பாகத்துல, அமெரிக்காவுல, ரத்னான்னு ஒருத்தி வர்றா. சொந்தமா யோசிக்கிற பொண்ணு. அவளை எழுதத் தெரிஞ்சவர் மதுவை ஏன் பொம்மையாவே விட்டார்?

புத்தகம் இப்போ தோழிகிட்ட இருக்கு. இன்னும் திருப்பித் தரலை.